தேன்க்கடை வாசல்

தேன்க்கடை வாசலில் ஒருவன் விழுந்துகிடந்தான். புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அவனைப் பார்த்ததும் நாச்சியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அவனை மதுக்கடை வாசலில் அல்லவா கிடத்தியிருந்தாள்! மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

தேன்க்கடை வாசலில் விழுந்துகிடக்கிறேன்;
உதேன் தொழுகை முடிந்ததா, பெரியோரே?
மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

உதேன் என்றால் என்ன? உமது. மது என்று வந்த இடத்திலெல்லாம் தேன் என்று போடும்படி எவனோ கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டிருக்கிறான். அதற்கு என்ன தெரியும்? உமதுக்குள் இருந்த மதுவையும் விடவில்லை, நமதுக்குள் இருந்ததையும் விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் தேனைக் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவன் தேன் போதையில் காஜியின் தலைப்பாகையைத் தட்டிவிட்டான்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய தம்பி மோகன்குமார் உட்கார்ந்திருந்தான். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவன். மகள் லோகப்பிரியாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முகூர்த்தம். விருந்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு புத்தகமும் போட்டுக் கொடுப்பது வசதிப்பட்ட வீடுகளில் ஒரு பெருமை. வழக்கமாக அது சாமி பாட்டாக இருக்கும். மோகன்குமார் தன் அக்காவின் புத்தகத்தை மூவாயிரம் பிரதி அச்சடித்துவிட்டான். முதல் பிரதியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

"எப்படீங்க்கா? அட்டை நெம்ப ஜோரா வந்திருக்குதில்லீங்க?"

"யார்றா இதுல கை வெச்சது?"

அவன் விழித்தான். அவள் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் வாயசைத்துப் படித்தான். உதேனில் கொஞ்சம் இடறினான். பிறகு முகம் தெளிந்தது.

"புலவரய்யா பாத்துத் திருத்தியிருப்பாருங்க. முன்னுரை அவருதானுங்க எழுதுனாரு. நல்லதுதானுங்களே? கல்யாண ஊட்டுல மது கிதுன்னு கொடுத்தா ஒறம்பரைச் சனம் என்ன நெனைக்கும்? அதும் பொம்பள எழுதுனது. நம்ம ஊட்டுல அதெல்லாம் ஆகுமுங்களா?"

நம்ம ஊட்டுல ஆகாதாம்! நாச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

அவள் இப்படிக் கொதிப்பதற்குக் காரணம் இருந்தது. எண்பதுகளில் கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் அவளுக்கு அறைத்தோழியாக வந்தவள் ஈரானிலிருந்து படிக்க வந்த பெண். அவளிடம் விளையாட்டாகப் பாரசீகம் கற்றுக்கொள்ளத் தொடங்கியவள் அதோடு விடவில்லை. தோழி ஊருக்குத் திரும்பிப் போனாள். பாஷை இவளோடு தங்கிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்றாள். ஆங்கிலப் பேராசிரியை வேலையில் இருந்தாள், மனிதர்களைச் சகிக்க முடியாமல் அதையும் முன்கூட்டியே விட்டாள். வெள்ளகோவில் போகும் வழியில் அப்பன் விட்டுப்போன தென்னந்தோப்புச் சாளை வீட்டில் வந்து அடைந்துகொண்டாள். கேட்டுக்கு எப்போதும் பூட்டு. யாராவது வந்து ஆட்டினால் உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். ஒரு சோளக்காடு தள்ளி மோகன்குமார் மாடி வீடு கட்டிக் குடிவந்தபோது, அந்தப் பக்கத்துச் சன்னல்களையும் சாத்திவிட்டாள். ஊர் அவளைக் கிறுக்கச்சி என்றது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆள் வராமல் இருக்க அது உதவியது.

உள்ளே அவள் செய்துகொண்டிருந்த வேலை இரண்டு. ஒன்று, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாரசீகக் கவிஞனின் பாடல்களை நேராகத் தமிழுக்குக் கொண்டுவருவது. இன்னொன்று, அவளுக்கு முன்னால் அதே கவிஞனை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹென்றி கிரேலிங் என்பவரின் வாழ்க்கையை எழுதுவது. விக்டோரியா ராணி காலத்து ஆசாமி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சதுப்பு நிலத்து ஓரமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தவர். பார்க்க வந்த பாதிரியார்மேல் பூட்ஸைக் கழற்றி எறிந்தவர். அவர் செத்ததும் அவருடைய அண்ணன், அவரும் ஒரு பாதிரியார்தான், தம்பியின் கையெழுத்துப் பிரதியை எடுத்து மது வந்த இடத்திலெல்லாம் பனித்துளி என்று மாற்றி அச்சுக்குக் கொடுத்தார். தம்பி ஒரு ஞானி என்று முன்னுரையும் எழுதினார். நாற்பது வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனிதன் கொட்டிய கோபத்தையெல்லாம் அண்ணன்காரர் பனித்துளியாக்கிவிட்டார். இதைக் கண்டுபிடித்த நாளில் நாச்சியம்மாள் அழவில்லை, பல்லைக் கடித்தாள். அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

இப்போது புத்தகத்தில் கிரேலிங் வாழ்க்கை வரும் பின்பகுதியைப் புரட்டினாள். அந்த அத்தியாயத்தையே காணோம். கிரேலிங் கடலைப் பார்த்தபடி அமைதியாக இறந்துபோனதோடு புத்தகம் முடிந்திருந்தது. முன்னுரையில் புலவர் அவரை ஆங்கிலேயச் சித்தர் என்று எழுதியிருந்தார். நாச்சியம்மாளைப் பற்றி, குடும்ப நலனுக்காக இல்லற வாழ்வைத் துறந்த தியாகச் செம்மல் என்று எழுதியிருந்தார். இவள் எந்தக் குடும்பத்துக்காக எதைத் துறந்தாள்? பிடிக்கவில்லை, செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"மோகனு, ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு சொல்லித்தானே கொடுத்தேன்? தலையாட்டுனயா இல்லயா?"

"ஆட்டுனனுங்க. அதுக்காக..."

"உன்ற புலவருக்கு அறிவில்ல, உனக்கு மானமில்ல. உன்ற மில்லு எண்ணெயில எவனாச்சும் பாமாயிலக் கலந்து உன்ற பேரு ஒட்டி வித்தா சும்மா இருப்பியா? எம்பேரப் போட்டு இந்தக் கண்றாவிய ஊருக்குக் கொடுக்கறயே, உனக்கு வெக்கமா இல்ல? ஒண்ணு விடாம வெளியில எடு."

"பையெல்லாம் கட்டியாச்சுங்க்கா. ஆளு வெச்சுக் கட்டுனதுங்க. இனி எங்கீங்க பிரிக்கறது?"

"அப்ப நீ இங்கிருந்து கெளம்பு. அறிவுகெட்டவனே, எந்திரி!"

வாசலில் நின்ற கார் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். மோகன்குமாரின் முகம் கறுத்துப் போயிற்று. காங்கேயத்தில் அவனை அப்படிப் பேச ஆள் கிடையாது. அக்காவிடம் பதில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காரில் ஏறிப் போனான். நாச்சியம்மாளுக்குக் கோபம் ஆறவே இல்லை. இந்த மொழிபெயர்ப்புக்கு வேறு பதிப்பு வரப்போவதில்லை. கேட்ட பதிப்பகத்தாரையெல்லாம் விரட்டியவள் அவள்தான். லோகப்பிரியா வந்து, "அப்பா கேக்கச் சொன்னாருங்க அத்தை, என்ற கல்யாணத்துக்கு உங்க புஸ்தகத்தப் போடலாமான்னு" என்று நின்றபோது, அந்தப் பிள்ளைக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை. பூட்டிய கேட்டுக்குள் நாச்சியம்மாள் விரும்பி விட்டது அந்தப் பிள்ளை ஒருத்தியைத்தான். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து வந்து உட்கார்ந்து, அத்தையின் கிறுக்கல் எழுத்தைப் படித்து முழுவதையும் டைப் அடித்தவள் அவள்தான். அவளுக்காகச் சரியென்று சொன்னது இப்படி வந்து முடிந்திருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. பத்துப் பதினைந்து வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகாத நாச்சியம்மாள் ஒரு நூல் சேலையை உடுத்திக்கொண்டு, டவுன் பஸ் ஏறிக் காங்கேயத்துக்குப் போய், மண்டபத்துக்குள் நுழைந்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் மேடைப்பக்கமே போகவில்லை. நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்கு வெளியே, போகிற வழியில் போட்டிருந்த தாம்பூல மேசைக்குப் போனாள். அங்கே வாடகைக்கு வந்த இரண்டு பெண்கள் ஒரே மாதிரிப் பட்டுச்சேலையில் நின்றுகொண்டு பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நகருங்க கண்ணு. நான் பொண்ணுக்கு அத்தை. நான் கொடுக்கறேன்."

அந்தப் பெண்கள் நகர்ந்தார்கள். நாச்சியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பையை எடுப்பாள், புத்தகத்தை உருவி மேசைக்கு அடியில் போடுவாள், தேங்காய்ப் பையை மட்டும் இரண்டு கையாலும் நீட்டுவாள். "வந்தது சந்தோசமுங்க, போயிட்டு வாங்க" என்பாள். அடுத்த பை.

கல்யாணம் ஆகாதவள் கையால் தாம்பூலமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் நீட்டிய தாம்பூலத்தை மறுப்பது கொடுக்கிற வீட்டை அவமதிப்பது. அதனால் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த மேசையில் யாரும் சத்தம் போடவும் கூடாது, போகிறவர்கள் வயிறும் மனசும் நிறைந்து போக வேண்டிய இடம் அது. நாச்சியம்மாள் அதைத் தெரிந்துதான் அங்கே போய் உட்கார்ந்தாள். காலடியில் அவளுடைய புத்தகம் குவிந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்று விழும்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று அடுத்ததை உருவினாள்.

மோகன்குமாருக்கு ஆள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பட்டு வேட்டியும் சட்டையுமாக வேகமாக வந்தவன், வரிசையைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டே அவள் காதுக்குள் குனிந்தான். வாயிலிருந்து ஏலக்காய் வாசம் கப்பென்று வந்தது.

"என்னங்க்கா பண்றீங்க? சம்பந்தி ஊட்டுக்காரங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ போயி போட்டோவுக்கு நில்லு."

சிரிப்பு மாறாமல் பல்லுக்கிடையில் என்னவோ சொன்னான். அதற்குள் யாரோ பெரிய மனிதர் வர, கையைக் கூப்பிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். நாச்சியம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. கிரேலிங் இருந்திருந்தால் பூட்ஸை எறிந்திருப்பார், தன்னால் இதுதான் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாடகைப் பெண்களில் ஒருத்தி வந்து, "பொண்ணு உங்களைக் கூப்புடுதுங்க" என்றாள். மேடையில் மாப்பிள்ளை கவின் மட்டும் நண்பர்களோடு நின்றான். சேலை மாற்றுகிற சாக்கில் லோகப்பிரியா மணப்பெண் அறைக்குப் போயிருந்தாள். நாச்சியம்மாள் உள்ளே போனதும் லோகப்பிரியாவே கதவைச் சாத்தினாள். உள்ளே அவளுடைய அம்மா கீதா மட்டும் ஒரு கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வைகாசி வெக்கையில் முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை போட்டிருந்தாள்.

"அத்தை, புஸ்தகத்தையெல்லாம் கீழ எடுத்துப் போடறீங்களாமா?"

"பின்ன என்ன கண்ணு பண்றது? அந்தப் புலவன் பண்ணுன அக்கிரமத்தப் பாத்தயா நீ?"

"புலவரில்லீங்க அத்தை. நாந்தானுங்க மாத்துனேன்."

நாச்சியம்மாளுக்கு முதலில் காதில் ஏறவில்லை. புலவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். தம்பி செய்திருந்தால் முகத்தில் விழிக்காமல் இருந்துவிடலாம். இவளை என்ன செய்வது? தன் எழுத்தின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவள் இவள் ஒருத்திதானே!

"நீயா? அடிப் பாவி, அந்தப் பாதிரியா நீ? அந்த அத்தியாயத்த உன்ற கையாலதானே அடிச்சே? அதப் படிச்சும் உனக்கு மனசு வந்துச்சா?"

"அதனாலதானுங்க அதையும் எடுத்தேன். அதப் படிச்சாலே நீங்க என்னைய முன்னால நிக்க வெச்சுத் திட்டற மாதிரி இருந்துச்சுங்க." லோகப்பிரியாவின் கழுத்து நகைகள் மூச்சு வாங்கலில் ஏறி இறங்கின. "உங்க சாளையில உக்காந்து நாள்பூரா மது மதுன்னு அடிச்சுப்போட்டு ஊட்டுக்குப் போவனுங்க. அங்க எங்கப்பா அத உள்ள ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பாருங்க. அப்புறம் அம்மாள அடிப்பாரு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அதேதான். மத்தியானம் உங்க கவிதையில அது அத்தன அழகா இருக்குமுங்க. ராத்திரி எங்க ஊட்டுல அது அம்மாளோட ஒடஞ்ச பல்லு. அத வாழ்த்தி எழுதுன புஸ்தகத்த என்ற கல்யாணத்துல ஊருக்கே கொடுக்கோணுமுங்களா? ஒவ்வொண்ணாப் பாத்து மாத்தக்கூட முடியிலீங்க எனக்கு. மொத்தமா மாத்தச் சொல்லிப்போட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்."

நாச்சியம்மாள் கீதாவைத் திரும்பிப் பார்த்தாள். கீதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு? வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் கொடுத்திருக்கவே மாட்டனே."

"நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தானுங்க வந்து கேட்டேன். சரின்னு சொல்லிப்போட்டீங்க." லோகப்பிரியா இப்போது அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அது அழுகிற குரல் இல்லை, நல்ல கோபம். "யாருகிட்டச் சொல்றதுங்க? கேட்டப் பூட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க? போன மழைக்காலத்துல ஒருநாள் பொழுதிறங்குனப்பறம் அம்மா வந்து உங்க கேட்ட ஆட்டுனாங்க. நீங்க உள்ளயிருந்தே, இன்னிக்கு வேல கெடக்குது நாளைக்கு வான்னு சொல்லிப்போட்டீங்க. அம்மா தோட்டத்து மோட்டார் ரூம்புக்குள்ள படுத்திருந்து விடிஞ்சதுக்கப்பறம் ஊட்டுக்கு வந்தாங்க."

அந்தச் சாயங்காலம் நாச்சியம்மாளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு வரியில் மது என்பதா கள் என்பதா என்று தீராமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு ஆடிய சத்தம் எரிச்சலாக இருந்தது. கீதா எதற்கு வந்திருப்பாள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அடுத்த நாள் கேட்கவும் இல்லை.

"நீ பண்ணுனது தப்புதான். இப்பவும் சொல்றேன், தப்பு" என்றாள்.

"இருக்கட்டுமுங்க. நாளைக்கு நான் ஈரோட்டுக்குப் போயிருவேன். அப்பறம் நடுவுல உழுந்து தடுக்கறக்கு ஆளில்லீங்க. அம்மா கையப் பாருங்க. அன்னிக்கு அப்பாவ டிரைவர் முன்னால திட்டி அனுப்புனீங்களே, அந்தக் கோவத்த எங்க கொண்டுபோயி எறக்குனாருன்னு நெனைக்கறீங்க?"

"பாப்பா, போதும். கல்யாண ஊடு" என்றாள் கீதா. நாச்சியம்மாள் போய் ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டாள். வலது கை முழங்கையிலிருந்து மேலே வரைக்கும் கன்றிப்போய் வீங்கியிருந்தது. விரல் பதிந்த இடம் தனியாகத் தெரிந்தது. தான் எறிந்த வார்த்தை ஒரு காடு தாண்டிப் போய் இந்தக் கையில் விழுந்திருக்கிறது.

"கீதா, நாளைக்குத் தாரை வார்த்து முடிஞ்சதும் என்ற ஊட்டுக்கு வந்துரு. இனி அங்க இருக்க வேண்டாம்."

கீதா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை, தெரியாமல் கேட்கிற பார்வை.

"கேட்டத் தொறப்பீங்களாங்க?"

நாச்சியம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். கால் தானாக மண்டபத்தின் பின்பக்கம் போயிற்று. எல்லாக் கல்யாணத்திலும் குடி அங்கேதான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு வண்டிகளுக்கு அந்தப் பக்கம் நான்கைந்து கார்கள் நின்றன. ஒரு காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் வட்டமாக நின்றார்கள். பங்காளிகள், மில் சிநேகிதர்கள். எல்லார் கையிலும் காகிதக் கப். நடுவில் மோகன்குமார்.

"கீதா கைய என்றா பண்ணுனே?"

வட்டம் அடங்கியது. மோகன்குமார் மட்டும் அசையவில்லை. இந்த இடத்தில் அவன்தான் ராஜா. கப்பை உயர்த்திக் காட்டினான்.

"வாங்க்கா. நீங்க எழுதாததையா நாங்க பண்றோம்? உங்க கவிதையில இதத்தானே கும்புடச் சொல்லியிருக்கீங்க? புஸ்தகத்துல தேனுன்னு மாத்திப்போட்டாங்கன்னு அன்னிக்கு அந்த ஆட்டம் ஆடுனீங்க. இங்க பாருங்க, மாத்தாதது. நீங்க கேட்ட அசல்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான். மதுக்கடை வாசலில் விழுந்துகிடந்தவன் காலமெல்லாம் மிதிபட்டவன், இவன் மிதிக்கிறவன். அது இது இல்லையடா என்று கத்தலாம். யாருக்குக் கத்துவது? எந்தப் புத்தகத்தையும் திறக்காத இவர்கள் அவளுடைய வார்த்தையை மட்டும் சரியாக எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சண்டையைப் பாதியில் விட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு இன்னும் கேட்டது.

தாம்பூல மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். கோபம் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று இப்போது சொல்வது கஷ்டம். காலடியில் குவிந்திருந்த புத்தகங்களைக் காலால் உள்ளே தள்ளினாள். அவற்றைத் திரும்பப் பைக்குள் போடவும் மனம் ஒப்பவில்லை. பொய் பொய்தான். பழையபடி உருவிப் போட்டுவிட்டுத் தேங்காயை மட்டும் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்று மட்டும் வாய் சொன்னது, சந்தோசமுங்க வரவில்லை.

பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கீதா வந்து உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்றவள் தாம்பூலம் கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். புத்தகம் எடுத்த பையை வாங்கி, வரிசையில் நின்றவர்களுக்கு நீட்டத் தொடங்கினாள்.

வரிசையில் அடுத்து வந்தவள் மாசாணியம்மாள், மாப்பிள்ளையின் பெரியம்மா. ஈரோட்டு மஞ்சள் மண்டிக் குடும்பத்தில் மூத்தவள். எந்தச் சீர் எப்படி நடக்க வேண்டும் என்று காலையிலிருந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தவள். கீதா அவளுக்குப் பையை நீட்டினாள். மாசாணியம்மாள் வாங்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, பீச்சாங்கையிலயா தாம்பூலம் கொடுக்கறது? நல்ல காரியத்துல இதென்னங்க பழக்கம்?"

பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கீதாவின் வலது கை மடியோடு கிடந்தது. அதைத் தூக்கப் பார்த்தாள், பாதியிலேயே முகம் சுருங்கி இறக்கிவிட்டாள். பிறகு சிரித்தாள்.

"பாத்ரூமுல வழுக்கி உழுந்துபோட்டனுங்க. கை தூக்க வர்லீங்க. மன்னிச்சுக்குங்க."

எவ்வளவு சுத்தமாக வந்தது அந்த வாக்கியம்! ஒரு இடறல் இல்லை, ஒரு பிழை இல்லை. எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லித் தேய்ந்திருந்தால் அப்படி வழவழவென்று வரும்! மாசாணியம்மாளின் முகமும் இளகத் தொடங்கியது. அடடா, பார்த்து நடக்கக் கூடாதுங்களா என்று சொல்லப்போகிறாள், வாங்கிக்கொண்டு போய்விடுவாள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். மேடையில் மோகன்குமார் புது ஏலக்காய் மென்றுகொண்டு போட்டோவுக்கு நின்றான். ஒரு வார்த்தை தவறினால் விடிந்தால் நடக்கப்போகும் முகூர்த்தமே ஆட்டம் கண்டுவிடும் என்று நாச்சியம்மாளுக்குத் தெரிந்தது. லோகப்பிரியா மேடையிலிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

அவள் எழுந்தாள்.

"வழுக்கி உழுவலீங்க" என்றாள். மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்டது. "என்ற தம்பி குடிச்சுப்போட்டு முறுக்குனதுங்க. இன்னிக்கு நேத்து இல்லீங்க, இருபத்தஞ்சு வருசமா. ஒரு காடு தள்ளி இருந்துக்கிட்டு நான் கேக்கலீங்க. நாளையில இருந்து கீதா என்ற ஊட்டுல இருப்பா. இந்தக் கையிலதான் கொடுக்க முடியும். வாங்கறதுன்னா வாங்கிக்குங்க."

கீதாவின் சிரிப்பு முகத்திலேயே நின்று, மெல்ல விட்டுப்போயிற்று. ஆனால் நீட்டிய பையை அவள் இறக்கவில்லை. மாசாணியம்மாள் மேடையை ஒருமுறை பார்த்தாள், கீதாவின் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டித் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டாள். வெளியே போகாமல், மேசைக்கு இந்தப் பக்கம் வந்து கீதாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கீதா அடுத்த பையையும் இடது கையாலேயே எடுத்தாள்.